ஹெரால்டை விலைக்குக் கேட்டு வந்தவர்

செக்காலை, காரைக்குடி
புதன்கிழமை

அன்பு மகள் கிருத்திகாவுக்கு ஆத்தா எழுதுவது. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பதை வாரம் தவறாமல் போனில் பார்க்கிறேன், ஆனாலும் கடிதம் என்றால் கேட்டுவிட்டுத்தானே தொடங்க வேண்டும், நலம்தானே? இங்கே என் வீட்டுக்காரருக்கு, அதுதான் உன் அப்பச்சிக்கு, முழங்கால் வலி இருக்கிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அவர் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், நீயோ பாதியில் சிரித்து மழுப்பிவிடுகிறாய். காகிதத்தில் எழுதினால் முழுக்கப் படித்துத்தானே ஆக வேண்டும்.

போன ஞாயிறு காலையில் முத்தரசு என்று ஒருவர் நம் பழைய ஹெரால்டு காரை விலைக்குக் கேட்டு வந்தார். கொத்தமங்கலத்தில் பெரிய வீடு ஒன்றை ஓட்டலாக்குகிறார்களாம், வாசலில் அழகுக்கு நிறுத்த வேண்டுமாம். எனக்கு அப்போதே பொறி தட்டியது. ஓட்டல் வாசலில் நிறுத்துகிறவர்கள் நீளமான வெளிநாட்டுக் காரைத்தான் தேடுவார்கள், ஹெரால்டை எவர் தேடினார்? அந்தக் காலத்திலேயே அம்பாசடர் வைத்திருந்த பங்காளிகள் நம் வண்டியைப் பார்த்து, வளைவில் பின்சக்கரம் உள்ளே மடங்கும், ஆளைக் கவிழ்த்துவிட்டுத்தான் நிற்கும் என்று சிரிப்பார்கள். மடங்கும்தான், ஓட்டத் தெரியாதவர்களுக்கு. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போன பிறகு பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான் சங்கதி. நாற்பது வருஷமாக ஓட்டுகிறேன், ஒரு முறை கவிழ்த்திருப்பேனா? மற்ற வண்டிகள் மூன்று தரம் முன்னும் பின்னும் போய்த் திரும்புகிற சந்தில் நம் வண்டி ஒரே வீச்சில் திரும்பும், அதை மட்டும் எந்தப் பங்காளியும் சொல்ல மாட்டான்.

முத்தரசு சங்கதிக்கு வருகிறேன். நான் வேண்டுமென்றே வாய்க்கு வந்த விலையைச் சொன்னேன், சரி ஆச்சி என்றார். ஒரு மரநாற்காலிக்கே அரை நாள் பேரம் பேசுகிற ஊரில் சரி ஆச்சியா? ஆர்.சி. புத்தகத்தைக் கேட்கவில்லை, பானட்டைத் திறந்து இன்ஜினைப் பார்க்கவில்லை, சாவியை மட்டும் இன்றைக்கே கொடுங்கள் என்றார். எல்லாவற்றுக்கும் மேலே பின்கதவு. அது கைப்பிடியை மேலே தூக்கி முழங்காலால் ஒரு இடி இடித்தால்தான் திறக்கும், நம் வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த மனிதர் வந்தார், தூக்கினார், இடித்தார், ஏறி உட்கார்ந்தார். சொல்லிக் கொடுத்து அனுப்பியவள் யார் என்று எனக்குத் தெரியாதா?

யார் உனக்குத் துப்புக் கொடுத்தது என்று மூன்று நாள் துருவினேன். அப்பச்சி பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் மேல் சத்தியம் செய்தார், அப்போதும் நான் நம்பவில்லை. பிறகு மெக்கானிக் வேல்பாண்டியை மடக்கினேன். தலையைக் குனிந்துகொண்டு, சின்ன ஆச்சிகிட்ட நாந்தான் சொன்னேன், கோவிச்சுக்கிறாதீக என்றான். அப்படியானால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பான். இருந்தாலும் நீ என் வாயால் கேட்க வேண்டும்.

போன மாதம் கண்மாய்க்கரை வளைவில் வண்டி மைல்கல்லில் மோதி இடதுபக்க விளக்கு உடைந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. பின்சக்கரம் மடங்கி வால் வீசிவிட்டது, இந்த வண்டியின் குணம்தான் தெரியுமே என்று அப்பச்சியிடம் சொன்னேன், கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். எல்லோரும் உடனே நம்பினார்கள், ஏற்கெனவே கெட்ட பெயர் எடுத்த வண்டிதானே. வண்டியை எடுக்க வந்த வேல்பாண்டி மட்டும் ரோட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, டயர் தடம் நேரா இருக்கே ஆச்சி என்றான். வால் வீசியிருந்தால் தடம் வளைந்திருக்கும். சக்கரம் மடங்கவே இல்லை கிருத்திகா. எனக்கு அந்தக் கல் தெரியவில்லை. இடது கண்ணில் ஆறு மாதமாகப் புகைபோல ஒன்று நிற்கிறது, சொன்னால் சாவியைப் பிடுங்கிக்கொள்வீர்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. கீரை விற்கிற அம்மாக்கண்ணு தினமும் பஸ்ஸுக்காக அந்தக் கல்லில்தான் உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல், வரவில்லை. இது கவுத்துவிடுற வண்டிதானே ஆச்சி, இன்னும் ஏன் வச்சிருக்கீக என்று உன் முத்தரசு கேட்டபோது, வேறு நாளாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். அன்றைக்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

நேற்று நானே ஆட்டோவில் போய்க் கண்ணைக் காட்டினேன். புரையாம், அடுத்த வியாழன் ஆபரேஷன், இந்தக் கடிதம் வருவதற்குள் முடிந்திருக்கும். இதை ஒட்டி முடித்ததும் அப்பச்சியிடமும் உள்ளதைச் சொல்லப் போகிறேன், திட்டட்டும். சாவி வேல்பாண்டியிடம் இருக்கிறது. டாக்டர் ஓட்டலாம் என்று சொன்னால் ஓட்டுவேன், கூடாது என்றால் அப்பச்சிக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து வேல்பாண்டி ஓட்டுவதைப் பார்ப்பேன். வண்டியை விற்கமாட்டேன். செய்யாத தப்பைத் தலையில் கட்டி அதை வெளியே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் பல்லாண்டு நன்றாக இருக்க வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பிடு. உனக்கு என் மேல் எவ்வளவு பயம் இருந்தால் இவ்வளவு தூரத்திலிருந்து ஒரு ஆளைப் பிடித்து அனுப்பியிருப்பாய், அது புரியாமல் இல்லை. ஆனால் அடுத்த தரம் சந்தேகம் வந்தால் ஆள் அனுப்பாதே, என்னையே கேள். முதல் தரம் கேட்டால் பொய்தான் சொல்வேன். இன்னொரு தரம் கேள்.

இப்படிக்கு,
உன் ஆத்தா
மீனாள்