எல்லைக் கல்லுக்குக் கீழே வரையாத ஆறு

வளம் பெருகுக. முகிற்குன்ற நாடாளும் கோ எழினி, கழிமுக நாட்டுப் பட்டத்தரசியும் என் உடன்பிறந்த தங்கையுமான பூதிநங்கைக்கு விடுத்த ஓலை. உன் நாட்டில் நெல்லும் உப்பும் குறைவின்றி விளைக; உன் கொழுநர் கோல் நேர் நிற்க; உன் வயிற்றுக் குழந்தை நலமாகப் பிறந்து, தாய்மாமன் மடியில் அமர்ந்து காது குத்திக்கொள்க.

இனி அறிவது. நம் மலைமேலுள்ள பெருமடு ஏரியின் கரை வெடித்திருக்கிறது. ஐப்பசி மழைக்குமுன் அடைக்க இயலாது என்று கரைகாவலர் கைவிரித்துவிட்டனர். உடைந்தால் வெள்ளம் இன்றைய ஆற்றில் போகாது. பாட்டனார் காலத்தில் ஓடித் தூர்ந்த பழைய வழியில் பாயும். துணியில் தீட்டிய எங்கள் நிலப்படத்தில் அவ்வழி எல்லைக் கல்வரை உண்டு, அப்பால் வெறுந்துணி. உங்கள் படமோ கல்லுக்கு மேலே ஒன்றும் அறியாது. ஆகவே கல்லுக்குக் கீழே அப்பழைய வழி கிடக்கும் இடத்தை மேட்டு நிலம் என்று நம்பி, நெசவாளர் தெருக்களும் உனக்கொரு மாளிகையும் எழுப்பினீர்கள். பேறுகாலத்துக்கு நீ அங்கேதான் தங்கியிருக்கிறாய் என்று உன் தூதர் மகிழ்ந்து சொன்னபோது, ஐயோ என்று எழுந்து நிலப்படத்தை எடுத்துவரச் சொன்னேன்.

நிலப்படத்தைப் பிற நாட்டார்க்குக் காட்டுவது நம் குல வழக்கமன்று. கணவாயும் ஆற்றுத்துறையும் பகைவர்க்குப் புலப்படும் என்று அமைச்சர் நந்தியார் தடுத்தார். அவர் அச்சம் பொய்யன்று. அத்துறையைக் கடந்துதான் என் தங்கை மணக்கோலத்தில் போனாள். அவளுக்கே வழியை மறைத்து நான் எதைக் காக்கப்போகிறேன் என்று கேட்டேன். அவர், படம் இருந்த பெட்டகத்தின் திறவுகோலை என்முன் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனவே படம் முழுவதும் வருகிறது. மறைத்த இடம் ஒன்றுமில்லை. பழைய வழியைச் சிவப்புச் சாயத்தால் தீட்டுவித்தேன். உங்கள் அளவுகோல் நம்முடையதைவிடக் குட்டை ஆதலால் எங்கள் கோலையும் உடன் அனுப்பினேன். இரு படங்களையும் எல்லைக் கல்லில் பொருத்திப்பார்த்து, சிவப்புக்கோட்டைக் கல்லுக்குக் கீழே நீட்டினால் அது செல்லும் தெருக்களைக் காலி செய்விக்க. குடிகள் எல்லோரும் போனபின்பே நான் போவேன் என்று அடம்பிடிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அவர்களை நகர்த்த உன் கொழுநர் இருக்கிறார். நீ முதல் வண்டியில் ஏறு. பிற நாட்டு அரசிக்கு ஆணையிட எனக்கு உரிமையில்லை, அண்ணனாகக் கெஞ்சுகிறேன்.

கல்லுக்குக் கீழுள்ள அவ்வெறுந்துணியை, நீ போன நாள்முதல் அடிக்கடி எடுத்துப் பார்த்திருக்கிறேன். அதில் உங்கள் கழிகளையும், மேடுகளையும், புயலில் கடல் ஏறும் இடங்களையும் வரைவித்துத் திருப்பி அனுப்புக. அங்கு வரும் எங்கள் வண்டிக்காரர் பிழைத்துப்போவார்கள். நீ சேர்ந்த மேட்டை மட்டும் வேறெவரும் குறிக்க வேண்டா. உன் கையாலேயே ஒரு புள்ளி வை.

இதுகாறும் பெட்டகத்தைப் பூட்டிய முத்திரையை இவ்வோலைமேல் பதித்தேன். அந்தப் புள்ளியைக் காணும்வரை எனக்குச் சோறு இறங்காது. இவை கோ எழினி எழுத்து.