பன்றிக்கு எந்தக் குண்டு, அத்தான்?

அன்புள்ள அத்தானுக்கு,

பலெர்மோவிலிருந்து பரமலிங்கம் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நல்ல சுகம். இளைத்துவிட்டேன் என்று யாரும் சொன்னால் அக்கா நம்ப வேண்டாம்.

நான் பராமரிக்கிற கிழவர் சிஞ்ஞோர் நீனோ, குழல் வாய்ப்பக்கத்தால் வெடிமருந்தும் குண்டும் இடிக்கிற பழைய துவக்கு வைத்திருக்கிறார். வருகிற மாதம் மலையில் காட்டுப்பன்றி வேட்டை. வன்னியில் நாற்பது பன்றி விழுத்தியவன் நான் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். நீங்கள் சுட, நான் லைட் பிடித்ததை விளக்க என் இத்தாலியன் காணாது.

அவர் வார்த்த ஈயக் குண்டுகளைச் சமையல் தராசில் நிறுத்தேன். நான்கு குண்டு மற்றவற்றைவிடப் பாரம் குறைவு.

"உள்ளுக்குக் காத்துக் குமிழி நிக்குது, நேரை போகாது," என்றேன்.

கிழவர் அசந்துவிட்டார். "இனி நீ தெரிஞ்செடுக்கிற குண்டுதான். ரெண்டாவது இடிக்கப் பன்றி நேரம் தராது. நீயும் என்ரை பக்கத்திலை நிக்கவேணும்."

ஆகவே அறிய ஆவல்: மெல்லிய ஈயம் பன்றியின் தோள் தடிப்பில் நசுங்கி நின்றுவிடுமா? கடினமாக்கி வார்ப்பதா? உருண்டையா, நீட்டா? பாய்ந்து வந்தால் எந்தப் பக்கம் விலகுவது?

போனில் கேட்டால் அக்கா பயப்படுவாள். கடிதமே போடுங்கள், நாலு பக்கமாவது. குண்டுக்கு ஒரு பக்கம் போதும், மிச்சம் விலகுவதைப் பற்றி.

கிழவர் கூப்பிடுகிறார், போகிறேன்.

உங்கள் மைத்துனன்,
பரமலிங்கம்