நான்கு நிமிட வீம்பு

பிப்ரவரி 3

வாலுப் பயலுக்கு,

அன்புள்ள என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. போனில் திட்டினால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய சிறப்புக் காட்சிச் சீட்டில் அம்மாவோடு போய் நேற்று உன் படத்தைப் பார்த்தேன். எதிரி ஏவுகணையை விட்டுவிட்டான் என்று கண்காணிப்பு அறையில் ஒரு புள்ளி தெரிகிறது. பதிலுக்கு நம் அணுகுண்டை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தலைவருக்குப் பத்தே நிமிடம். அம்மா கடைசி வரை என் முழங்கையை விடவில்லை. நல்ல படம்தான், அதனால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த அறை நான் பதினோரு வருடமாக வேலை பார்க்கும் அறை. கீச்சிடும் நாற்காலி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் விடுப்புப் பட்டியல், மேல்மாடிக்குப் பேசும் சாம்பல் நிறத் தொலைபேசி, எல்லாம் நான் உன்னிடம் சொன்னவை. புள்ளி தெரிந்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் மேலே சொல்லிவிட வேண்டும், யோசிப்பது எங்கள் வேலை இல்லை என்ற விதியும் நான் சொன்னதுதான். உன் படத்தில் ஒரு நரைத்த அதிகாரி, “பொறுங்க, எனக்கு நம்பிக்கை வரல” என்று நான்கு நிமிடம் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார். புள்ளி தானாக மறைகிறது, உலகம் பிழைக்கிறது. பக்கத்தில் ஒரு பெண் மேசைக்கு அடியில் புகுந்து அழுகிறாள். அவள் யாருடா?

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த மத்தியானம் புள்ளி தெரிந்தும் நான்கு நிமிடம் நான் ஏன் மேலே சொல்லவில்லை என்பதை உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அதற்கு முந்தின வாரம் இதே போல் ஒரு புள்ளியைச் சொன்னேன். கருவியில் பழுது என்று தெரிந்ததும் மேலதிகாரி பத்துப் பேர் முன்னால், “உனக்கு எதப் பாத்தாலும் ஏவுகணைதானா?” என்று கேட்டார். பதினான்கு பக்கம் விளக்கம் எழுத வைத்தார். அந்த வீம்பில்தான் அன்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வேண்டுமென்றால் அவரே வந்து பார்க்கட்டும் என்று. ஞானமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. நிஜ ஏவுகணையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து இன்றைக்கும் நடு ராத்திரியில் எழுந்து விளக்கைப் போடுகிறேன்.

இதோடு போயிருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அந்த ஒயர் காட்சியை எதற்கு வைத்தாய்? என்னைக் காப்பாற்றப் பக்கத்து சீட் சார் தொலைபேசி ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டு, “லைன் செத்துக் கிடந்தது” என்று விசாரணையில் பொய் எழுதிக் கொடுத்தார். அதை அப்படியே எடுத்திருக்கிறாய். எங்கள் ஆட்களுக்குப் புரிய ஒரு நிமிடம் போதும். அவர் வேலை போய்விடும். படம் வெளிவரப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அந்தக் காட்சியை வெட்டிவிடு.

கொதிப்போடு,
அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு உன் வாலு எழுதுவது,

உன் கடிதத்தை வாசலுக்கு வெளியே நின்று படித்தேன். வீட்டுக்குள் பிரித்திருந்தால் திரைச்சீலை பற்றிக்கொண்டிருக்கும்.

முதலில் அந்த அதிகாரி இடத்தில் பெண்ணைத்தான் எழுதினேன், வீம்போடுதான் எழுதினேன். தயாரிப்பாளர் படித்துவிட்டு, “வீம்புல உலகம் பொழச்சுதுன்னா ஜனங்க சிரிச்சிருவாங்க தம்பி” என்றார். ஏழு வருடம் யார் யார் வாசலிலோ நின்று கிடைத்த முதல் படம். நான் என்ன செய்ய?

ஒயர் காட்சியில் அரங்கமே மூச்சுப் பிடித்து உட்கார்ந்திருந்ததை நீயும் பார்த்திருப்பாய். மூன்று வருடப் பழங்கதை, எவன் தோண்டப் போகிறான்? நீயும் சொன்னபோது ரகசியம் என்று சொல்லவில்லையே. கோபத்தை ஆற விடு. முதல் நாள் காட்சிக்கு என் பக்கத்தில் உனக்கும் அம்மாவுக்கும் இடம் பிடித்து வைத்திருக்கிறேன். வராமல் இருந்துவிடாதே.

உன் செல்லத் தம்பி,
வாலு


பிப்ரவரி 9

தம்பி,

ரகசியம் என்று நான் சொல்லவில்லையாம்! அன்று உன் வீட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, காதோடு காதாகச் சொன்னேன். பிறகு முத்திரை குத்தியும் கொடுத்திருக்க வேண்டுமா?

தோண்டிவிட்டார்கள். எங்கள் அலுவலக ஆட்கள் இரண்டு பேர் சிறப்புக் காட்சிக்கு வந்திருக்கிறார்கள். பழைய விசாரணைக் கோப்பை எடுத்துவிட்டார்கள். பக்கத்து சீட் சாரை வெள்ளிக்கிழமை அழைத்துக் கேட்டார்கள். அவர் ஒயர் தானாகக் கழன்றது என்றே சாதித்திருக்கிறார். மாலையில் பேருந்து நிறுத்தத்தில் என்னிடம் வந்து நின்றார். “தம்பி படம் நல்லா வந்திருக்காம்மா?” என்றார். தலையாட்டினேன். “அந்த ஒயர் விஷயம் நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்?” என்றார். பேருந்து வருகிறதா என்று பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் பையைப் பிடித்துக்கொண்டு நான் ஏறும்வரை நின்றார்.

ஓய்வு பெற அவருக்கு இன்னும் எட்டு மாதம். படம் வெளிவந்து ஊர் முழுக்கப் பேச ஆரம்பித்தால் மேலே இருப்பவர்கள் யாரையாவது பலி கொடுத்தாக வேண்டும். காட்சி இல்லையென்றால் பேச்சும் இருக்காது. ஒரு காட்சியை எடுக்க எடிட்டருக்கு அரை நாள் போதும் என்று நீயே ஒரு தடவை பீற்றிக்கொண்டாய். காலில் விழ வேண்டுமென்றால் சொல், விழுகிறேன். எழுந்த பிறகு கன்னத்தில் ஒன்று வைப்பேன்.

அக்கா


பிப்ரவரி 13

அக்கா,

எடிட்டரிடம் கேட்டேன். அரை நாளில் முடித்துத் தருகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

அந்த ஒரு காட்சிதான் படம். அதை எடுத்துவிட்டால் மீதி எல்லாம் கோட்டு போட்ட ஆட்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கத்துவதுதான். சாருக்கு நல்ல வக்கீல் நான் பார்த்துத் தருகிறேன், சத்தியம். ஜனங்கள் எழுந்து கை தட்டும்போது நீயும் மனம் மாறுவாய்.

வாலு


பிப்ரவரி 21

தம்பி,

படம் ஓடுகிறது. சந்தோஷம். சுவரொட்டி எங்கள் அலுவலக மதிலிலேயே ஒட்டியிருக்கிறது.

சாரைச் செவ்வாய்க்கிழமை பணி இடைநீக்கம் செய்தார்கள். மேசையைக் காலி செய்யும்போதும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. நான் நேராக மேல்மாடிக்குப் போனேன். அதே மேலதிகாரி. காகிதம் கேட்டு வாங்கி, நின்றபடியே எழுதினேன். தாமதம் என்னுடையது, நீங்கள் என்னை அவமானப்படுத்திய ஆத்திரத்தில் வேண்டுமென்றே சொல்லாமல் இருந்தேன், சார் ஒயரைப் பிடுங்கியது என் பொருட்டு. அரைப் பக்கம்கூட வரவில்லை. மேலதிகாரி படித்துவிட்டு நிமிராமலே அதைக் கோப்பில் வைத்தார். என் வேலை போயிற்று. வழக்கும் போடுவார்களாம். சாருக்கு ஓய்வு வரை வேறு பிரிவில் மேசை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்தால்தான் நம்புவேன்.

படக்காரருக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். நான்தான் சொன்னேன், அவர் என் தம்பி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னையும் கூப்பிடுவார்கள். உன் வக்கீலை உனக்கே வைத்துக்கொள்.

நீ வெட்ட முடியாமல் விட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அரை நாள் வேலை என்று தெரிந்தும் விட்டாய். இதை எத்தனை தடவை மென்று பார்த்தாலும் எனக்கு இறங்கவில்லை. அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் வெளியே எங்காவது அழைத்துப் போய்ப் பார். என் வீட்டுக்கு வராதே. மன்னிக்க மாட்டேன் என்பதால் மட்டும் சொல்லவில்லை. நீ வந்து என் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே, “அப்புறம் என்னாச்சுக்கா?” என்று கேட்பாய். நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

உன் அக்கா