வெள்ளிக்கிழமை அரைத்த ஆப்பிள்

என் பேச்சிக்கு,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உன்னோடு மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன். இப்போது எழுத உட்கார்ந்திருப்பதற்குக் காரணம், ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வராததுதான். ரெண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை. அம்மா என் தட்டைப் பார்த்துவிட்டு, "என்னடி, கோழி கொத்துன மாதிரி வச்சிருக்க" என்கிறாள்.

முதலில் உன் வீட்டுச் செய்தி. யாழினி வாடிப்பட்டியில் உன் அப்பாவோடுதான் இருக்கிறாள். பால்வாடிக்குப் போகிறாள். உன் வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து வாராவாரம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். போன முறை நான் போயிருந்தபோது, "பெரியம்மா, எங்கம்மா ஆப்பிளுக்குள்ள என்ன தேடுச்சு?" என்று கேட்டாள். நிறம் என்றேன். "ஆப்பிள் செவப்புல்ல" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

வெளியே சிவப்பு, உள்ளே என்ன என்பதற்காகத்தானே ஒரே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த நாம் ரெண்டு வருஷம் மலைக்கும் ஊருக்கும் அலைந்தோம்! கொடைக்கானல் மேல்மலைத் தோட்டத்தில் வெள்ளைச் சதை மரம் ஒன்று, மஞ்சள் சதை மரம் ஒன்று. காய் பிடித்ததிலிருந்து பழுக்கும்வரை பறித்து, ஐஸ் பெட்டியில் அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு மதுரை ஆரப்பாளையத்தில் வந்து இறங்குவோம். ஒரு கண்டக்டர் கேட்டாரே, "பெட்டில என்னத்தா, மீனா?" என்று. "ஆப்பிள்ணே" என்றாய். "மலையில இருந்து ஆப்பிளுக்கு ஐசு வச்சுக் கொண்டுபோற ஆளுகள இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று அவர் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். நீ வத்தலக்குண்டு வரைக்கும் சிரித்தாய்.

கேரட்டுக்கு நிறம் கொடுக்கிற கரோட்டினாய்டு என்னும் நிறமிதான் அந்த மஞ்சள் சதையிலும் இருக்கிறது. அதைச் செய்கிற மரபணுக்கள் ரெண்டு ஆப்பிளிலும் உண்டு. அவற்றை எப்போது எழுப்புவது, எவ்வளவு வேலை வாங்குவது என்று தீர்மானிக்கிற இன்னொரு மரபணுவை நீ பிடித்தாய். உன் அப்பாவுக்கு நீ அதைச் சொல்லிப் புரியவைத்த விதம் எனக்கு மறக்காது. "அது மேஸ்திரி மாதிரிப்பா. தான் கல்லு தூக்காது. மத்தவகள ஏவி விடும்." ஆயுசு பூராவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற மனுஷருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மஞ்சள் சதை ஆப்பிளில் மேஸ்திரி சீக்கிரமே வந்துவிடுகிறான், அவன் வந்த வேகத்துக்கு மஞ்சளும் ஏறுகிறது என்பது உன் கண்டுபிடிப்பு. ஆய்வுக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டுத்தான் நீ காய்ச்சலில் படுத்தாய். நீ போன பிறகு அதை அனுப்பினோம். முதல் பெயர் உன்னுடையது. அச்சானதும் ஒரு பிரதி வேண்டும், சட்டம் போட்டு மாட்டப்போகிறேன் என்று உன் அப்பா அப்போதே சொல்லிவைத்துவிட்டார்.

ஆய்வுப் பத்திரிகையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. மொத்த மஞ்சள் நிறத்தை அளந்திருக்கிறீர்கள், எந்தெந்த நிறமி எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள் என்றார்கள். நீ உறைபெட்டியில் விட்டுப்போன சாற்றை எடுத்துக்கொண்டு, பிரித்துக் காட்டும் கருவி இருக்கிற இடத்துக்குப் போனேன். ஆப்பிளில் இருக்கவேண்டிய நிறமிகள் வரைபடத்தில் முகடு முகடாகத் தெரிந்தன. அவற்றை எல்லாம் விட உயரமாக, ஆப்பிளில் இருக்கவே கூடாத ஒன்றும் தெரிந்தது.

ஒரு வாரம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கருவியைச் சந்தேகப்பட்டேன், குழாய்களைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் உன் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். வெள்ளிக்கிழமை தேதி போட்ட பக்கங்களின் ஓரத்தில் எல்லாம் உன் கட்டைவிரல் ரேகை, மஞ்சளாக.

உனக்குப் புரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிக் குளித்து, தாலிக்கயிற்றுக்கும் மஞ்சள் தேய்த்துக்கொண்டு முதல் பஸ் பிடித்து வருவாய். அந்தக் கையால்தான் அரைத்த ஆப்பிளை மஸ்லின் துணியில் கட்டி, அசிட்டோனில் முக்கிப் பிழிந்தாய். அசிட்டோன் உன் விரலில் இருந்த மஞ்சளையும் கழுவி எடுத்துக்கொண்டது. சாற்றில் ஒரு சொட்டுச் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஆரத்தித் தட்டு சிவக்குமே, அப்படிச் சிவந்தது. மஞ்சளேதான், பேச்சி.

வெள்ளைச் சதையைத் திங்கட்கிழமைகளில் நான் அரைத்தேன். மஞ்சள் சதையை வெள்ளிக்கிழமைகளில் நீ அரைத்தாய். அப்படியானால் நாம் அளந்த வித்தியாசம் ரெண்டு ஆப்பிளுக்கு நடுவில் இருந்ததா, ரெண்டு கிழமைக்கு நடுவில் இருந்ததா? மேஸ்திரி வந்தான், அது வேறு சோதனையில் எடுத்த கணக்கு, கையில் இருந்த மஞ்சள் அதை மாற்றாது, அதில் குழப்பம் இல்லை. அவன் ஏவிய வேலை நடந்ததா என்பதுதான் இப்போது தெரியவில்லை. அது நடக்கவில்லை என்றால் உன் கட்டுரையில் என்ன மிஞ்சும்?

நம் ஆய்வுக்கு வழிகாட்டும் சாரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஏம்மா, அந்த ஒண்ணை மட்டும் படத்துல இருந்து எடுத்துட்டு அனுப்பேன். ஆப்பிள் நிறமியத்தானே கேட்டாங்க? அந்தப் பொண்ணு பேரு ஒரு தடவையாவது அச்சுல வரட்டும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உன்மேல் இருக்கிற பாசத்தில் சொன்னார். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. ஒரு பகல் முழுக்க, சரி என்று தலையாட்டிவிடலாமா என்றுதான் யோசித்தேன். உன்னிடம் மறைப்பானேன்?

மறுநாள் வாடிப்பட்டிக்குப் போனேன். சமயநல்லூர் தாண்டும்வரை எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். எதுவும் உதவவில்லை. உன் அப்பா கடைசிவரை கேட்டார். பிறகு, "மேஸ்திரி வந்தது நெசந்தானே தாயி? வேல நடந்துச்சான்னுதானே சந்தேகம்?" என்றார். ஆமாம் என்றேன். "பழம் இன்னும் இருக்கா?" என்றார். மஞ்சள் சதைப் பழம் உறையவைத்தது ஒரே ஒரு பெட்டி இருக்கிறது, திரும்ப ஒரு தடவைதான் அரைக்க முடியும் என்றேன். பிறகு கேட்டார், "இம்புட்டு படிச்ச புள்ள, கை கழுவாமயா செஞ்சுச்சுன்னு பேசுவாகளோ? பேரை எடுத்துருவாகளா?"

என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டேன். உன் கைக்கு ஆய்வுக்கூடத்துக் கையுறை பெரிதாக இருந்தது, துணி வழுக்கிக்கொண்டே போனது. நீ போட்டுக்கொண்டுதான் பிழிந்தாய். "கழட்டிப் போட்டுட்டுப் பிழிடி, நேரமாகுது" என்று சொன்னவள் நான். "வேணாம்க்கா" என்றாய். நான்தான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நீ எந்த வெள்ளிக்கிழமையும் கையுறையைத் தொடவில்லை. உன் அப்பா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "காப்பி குடிச்சிட்டுப் போ தாயி" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இன்று காலை அந்தக் கடைசிப் பெட்டியைத் திறந்தேன். மூடியில் உன் கையெழுத்து. கையுறைக்குள் கையுறை போட்டேன். குழவியைப் புதிதாக வாங்கியிருந்தேன், துணியும் புதிது. நீ எப்போதும் கத்துவாயே, "வெளிச்சத்துல காட்டாதீகக்கா, வெளுத்துரும்" என்று, அதனால் சன்னலைச் சாத்திவிட்டுத்தான் பிழிந்தேன். சாறு இறங்கியதும் ஒரே ஒரு கணம் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்.

மஞ்சள்தான். ஆனால் மங்கல். உன் நோட்டில் இருக்கிற எண்ணில் பாதிகூடத் தேறாது என்று கண்ணுக்கே தெரிந்தது. கொஞ்சத்தைத் தனியே ஊற்றிச் சுண்ணாம்புத் தண்ணீரை விட்டேன். விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன், பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளை மாதிரி. திறந்தபோது சிவக்கவில்லை. கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தேன், அப்போதும் சிவக்கவில்லை. அது ஆப்பிளின் சொந்த மஞ்சள், பேச்சி.

மிச்சச் சாறு கறுப்புத் தாளில் சுற்றி உறைபெட்டியில் இருக்கிறது. அளக்கிற கருவியில் எனக்குத் திங்கட்கிழமைதான் இடம் கிடைத்திருக்கிறது. மேஸ்திரியின் வேகத்துக்கு அந்த மங்கல் மஞ்சள் ஈடுகொடுக்குமா? தெரியாது. அதுவரை மின்சாரம் போகாமல் இருக்கவேண்டும் என்று காலையிலிருந்து நாலு முறை உறைபெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

வருகிற எண் எதுவோ அதையே எழுதுவேன். எப்படிப் பிழை வந்தது என்பதையும், கையுறையைக் கழற்றச் சொன்னது நான் என்பதையும் எழுதுவேன். அதற்குப் பிறகும் முதல் பெயர் பேச்சியம்மாள்தான், அதை யாரும் நகர்த்த விடமாட்டேன். பேரை எடுத்துவிடுவார்களா என்று உன் அப்பா கேட்டதற்கு அன்றைக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். திங்கட்கிழமை அளந்து முடித்ததும் எண்ணோடு போய்ச் சொல்கிறேன்.

உன் நோட்டின் ரேகைகள்மேல் மட்டும் சுண்ணாம்பு விட்டுச் சோதிக்கவில்லை. யாழினி வளர்ந்ததும் அந்தப் பக்கங்களை அவளிடம் கொடுப்பேன்.

உன் அக்கா, உன் மகளுக்குப் பெரியம்மா,
சுந்தரி