வெள்ளிக்கிழமை துடைத்த கண்ணாடி

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே அனல். சட்னியில் உப்பு இல்லை என்று அண்ணன் அண்ணியை அடித்தான். முதலில் கை. பிறகு அவள் தையல் மெஷின் மேலிருந்த மர ஸ்கேல். குறுக்கே போன எனக்கும் ஒன்று, காதோரம். அண்ணி கையைப் போனில் படம் எடுத்தேன். போன் இப்போது கிணற்றில். என் ஃபிலிம் கேமராவையும் தரையில் அடித்தான்.

அம்மா: "கோவக்காரன்னு தெரிஞ்சிகினே ஏண்டி குறுக்க போற?"

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க வரிசையில் நின்றதும் அவனே. அவளைப் பூப்போலத் தாங்கிக்கொண்டு. எலும்புக்கு ஒன்றுமில்லை. எப்படி ஆச்சு என்று நர்ஸ் கேட்க, அண்ணி: "பாத்ரூம்ல வழுக்கிட்டேங்க." அவன் பின்னாலேயே நின்றான்.

சாயங்காலம் துணி துவைக்கும் கல்லருகே அண்ணி: "காயம் ஆறினாத்தான் எங்க ஊட்டுக்கு அனுப்புது உங்கண்ணன். கிளியனூர்ல எங்கண்ணன், அடிக்குதுன்னா நம்பவே மாட்டேங்குது. உன் கேமராவுல புடிச்சா அழிக்க முடியாதுல்ல? ஜல்தியா சரிபண்ணிப் புடிச்சுக் குடு பாப்பா."

ஜூன் 4, புதன்

விழுப்புரம். ஸ்கேன் சென்டரில் நாள் முழுக்க ரிப்போர்ட் அடித்தேன். ஈரல் இயல்பு. பித்தப்பை இயல்பு. எல்லோருக்கும் உள்ளே எல்லாம் இயல்பு.

லென்ஸைக் கழற்றிப் பார்த்தாயிற்று. பின்னால் சாய்வாக இருக்கும் சின்னக் கண்ணாடி பசை விட்டு நழுவியிருக்கிறது. கிளிக் செய்யும்போது மேலே எகிறி ஃபிலிமுக்கு வழிவிட வேண்டியது, லென்ஸில் முட்டி நிற்கிறது. ஃபிலிம் பின்னால் பத்திரம்.

வாங்கியது: இரண்டு டியூப் கலக்கும் பசை, பல்குத்தி, பூரான் மருந்து (அம்மா கேட்டது). உடனே ஒட்டும் பசை கூடாது, அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும்.

பூரான் மருந்து டப்பாவைப் பஸ்ஸில் ரொம்ப நேரம் படித்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 5, வியாழன்

அண்ணியின் கை கருநீலம், ஓரத்தில் பச்சை. ஆறுகிறது. ஆறாதே என்று ஒரு காயத்திடம் வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

பழைய பசையைச் சுரண்டி, பல்குத்தி நுனியில் புதுசு வைத்து, கண்ணாடியை அதைத் தாங்கும் தகட்டில் உட்கார வைத்தேன். விரல் படக்கூடாது, வெள்ளிப் பூச்சு மேல்பக்கம்தான். ஒரு நாள் காய வேண்டும். கேமராவைத் திறந்தபடியே சாமி அலமாரியில் வைத்தேன். அவன் கை வைக்காத ஒரே இடம்.

ஜூன் 6, வெள்ளி

அம்மா விளக்கு துலக்கினாள், சாமிபடக் கண்ணாடிகளை விபூதி போட்டுத் துடைத்தாள். கூடவே என் கேமராவுக்குள் இருந்ததையும். பளபளப்பு அத்தனையும் துணியில். மிச்சம் வெறும் கண்ணாடி.

"புள்ள ஒடச்சிட்டானேன்னு நானாச்சும் சுத்தமா..."

அவள் கையைத் தட்டிவிட்டேன். விபூதிக் கிண்ணம் பறந்தது. அம்மா முகத்தை மறைத்துக்கொண்டு ஒடுங்கினாள். என் கை அவன் கை வீசுகிற மாதிரியே வீசியது, தோளிலிருந்து. பெருக்கி அள்ளினேன்.

குளிக்கும்போது தோன்றியது. அந்தக் கண்ணாடி நாம் குறிபார்க்க மட்டும்தான். ஃபிலிமுக்கு அது தேவையே இல்லை.

ஜூன் 7, சனி

காயம் மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. அவன் மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனதும் ஜன்னலருகே எடுத்தேன். உள்ளே பார்த்தால் கிணற்றின் அடிபோல இருட்டு. அண்ணி தையல் டேப்பின் ஒரு முனையைக் காயத்தில் பிடித்தாள், மறுமுனை லென்ஸில். மூன்றடி. லென்ஸ் வளையத்திலும் மூன்றடி. கை, தோள், முதுகு. கண்ணாடி ஒழுங்காக எகிறி இறங்கியது.

பாதியில் வந்து நின்றான். "என்னாடி புடிக்கிறீங்க?"

பிடுங்கினான். பின்பக்கம் திருப்பி ஸ்கிரீனைத் தேடினான். "டெலீட் எங்க?"

"இல்லண்ணா. கெட்டுப்போச்சி."

கண்ணை வைத்துப் பார்த்தான். சிரித்தான். "ஒரு மண்ணும் தெர்ல. செத்த கேமராவ வச்சிகினு என்னா ஷோ காட்றீங்க?" அண்ணி பக்கம் நீட்டி, "சிரிடி" என்று பட்டனை அழுத்தினான். ரவிக்கைக் கையைக்கூட அவள் இன்னும் இறக்கியிருக்கவில்லை. கட்டிலில் எறிந்துவிட்டுச் சோறு கேட்டான்.

அதுவரை கேமரா கழற்றும் சின்னத் திருப்புளி என் துப்பட்டாவுக்குள், இறுக்கிய கைக்குள். எதற்கு எடுத்தேன் என்று எழுதப் போவதில்லை.

லீவரைச் சுற்றினேன். ஃபிலிம் நகர்ந்தது. அவன் எடுத்ததும் விழுந்திருக்கிறது.

திங்கள்: லீவு சொல்ல. புதுச்சேரியில் கழுவக் கொடுக்க. படத்தோடு கிளியனூரில் இறங்க.