தம்பி என்பதைத் தங்கை எனத் திருத்தி வாசிக்கவும்

17 பிப்ரவரி 2025, சிரம்பான்

காலையில் வீரமுத்து வந்தார். தம்பின் ஊரில் லாரி ஓட்டி, பிறகு லாரி வாங்கி, இப்போது லாரிகளைப் பற்றிப் பேச மட்டும் செய்கிறவர். எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தலைவர். ரப்பர் மரமெல்லாம் எண்ணெய்க்கான செம்பனையாகி, செம்பனையில் பாதி வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. கோயிலும் தலைவரும் மட்டும் அப்படியே இருக்கிறார்கள்.

மே நான்காம் தேதி திருவிழாவில் என் தங்கை கணவர் லயனலைப் பியானோ வாசிக்க வைத்துப் பட்டம் கொடுக்கப் போகிறார்களாம்.

“மேற்கிந்தியத் தீவுலேருந்து வந்தவருதானே சார் அவரு?”

“பார்படோஸ்.”

“அதான். மேற்கே போன இந்தியங்க. நம்ம ஆளுங்கதான் லா.”

நாற்பத்தொரு ஆண்டுகள் நாளிதழில் பிழை திருத்தியிருக்கிறேன். எந்தப் பிழையைத் தொடக் கூடாது என்பதையும் அங்கேதான் கற்றேன். தலையாட்டினேன். விழா மலருக்கு லயனலின் வாழ்க்கைக் குறிப்பை நான் எழுத வேண்டுமாம். அதற்கும் தலையாட்டினேன்.

18 பிப்ரவரி

லயனல் கார்பின். எழுபத்தேழு வயது. கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலின் முன்கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகள் பியானோ வாசித்தார். ஹோட்டல்காரர்கள் கரோக்கே இயந்திரம் வாங்கிய பிறகு, பிள்ளைகளைப் பியானோ தேர்வுக்குத் தயார் செய்தார். வாசிப்பது ஜாஸ். ஒரு பாட்டைத் தொடங்கி, நடுவில் தொலைத்து, எல்லோருமாகத் தேடி, கிடைத்ததும் கைதட்டுவதற்கு அப்படிப் பெயர்.

அதே ஹோட்டலில் தொலைபேசி இணைப்பகத்தில் இருந்த ரோகினி, 1981இல் அவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். தோட்டத்தில் கிராணியாக, கணக்கு எழுதுகிறவராக இருந்த அப்பா போகவில்லை. நானும் போகவில்லை. வேலை இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

என்னை மச்சான் என்பார். கோப்பிக் கடைச் சீனரும் மச்சா என்கிறார். இரண்டையும் நான் ஒன்றாகவே வைத்திருக்கிறேன்.

2 மார்ச்

செண்டாயானில் அவர்கள் வீடு. எல்லா வீடும் ஒரே வீடாக இருக்கும் தாமான் குடியிருப்பு. இரண்டு முறை அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

ஒரு மணி நேரம் இருந்தேன். பிறந்த ஆண்டு, இந்த நாட்டுக்கு வந்த ஆண்டு, இசைத்தட்டுகளின் எண்ணிக்கை. 1947, 1976, இரண்டு. இரண்டாவதன் உறையில் அவருடைய பெயரையே தப்பாக அச்சிட்டிருந்தார்கள். அது ஒன்றுதான் எனக்குச் சுவையாக இருந்தது.

அவருக்குத் தமிழ் வரும். ரோகினியிடம் கற்றதால் பெரும்பாலும் ஏவல் வினைதான். “செருப்பக் கழட்டு. உக்காரு. சாப்பிடு,” என்றார், மிகுந்த மரியாதையோடு. மற்றதெல்லாம் ஆங்கிலம்.

வாசல்வரை வந்த ரோகினி சொன்னாள்: “வலது கை நடுங்குது அண்ணே. கை இந்த வருஷம் தாண்டாதுன்னுட்டாரு டாக்டர். அதுக்குள்ள ஒரு தடவ நம்ம கோயில்ல வாசிக்கட்டும். நம்ம சனம் அவர இன்னாருன்னு பாக்கட்டும். நல்லா எழுது.”

நல்லா எழுதுகிறேன் என்றேன்.

5 மார்ச்

வீரமுத்து அழைத்தார். “சார், அவரு யாரு வகையறான்னு மலர்ல வரணும். செயற்குழு கேக்குது.”

“தமிழ் வகையறா இல்லையென்றால்?”

“இருக்கும் சார். தேடுங்க. எல்லாத்துக்கும் இருக்கு.”

தேடினேன். மூன்று மணி நேரத்தில் கிடைத்தது. என் கொள்ளுத் தாத்தா மாயாண்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா வந்தவர். அவருக்கு ஒரு தம்பி இருந்ததாக எழுதினேன். பெயர் சின்ன மாயாண்டி. கப்பலேறும் நாளில் வெற்றிலை வாங்கப் போனவர், திரும்பும்போது பக்கத்துக் கப்பலில் ஏறிவிட்டார். அது பார்படோஸ் போய்விட்டது. கரும்பு வெட்டியதால் அங்கே அவரைக் ‘கரும்பன்’ என்றார்கள். கரும்பன் நாளடைவில் கார்பின் ஆயிற்று. கரும்பனின் மகனுக்கு மகனுக்கு மகன் லயனல்.

ஒன்பது வயதுக் குழந்தைகூட நம்பாது. நல்லவேளை, செயற்குழுவில் குழந்தைகள் இல்லை. இவ்வளவு மகிழ்ச்சியாக நான் எதையும் எழுதியதில்லை.

9 மார்ச்

கோயில் மண்டபத்தில் வாசித்துக் காட்டினேன். வீரமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கரும்பன்,” என்றார் மெதுவாக. “கேக்கும்போதே தெரியுது பாருங்க.” ஒரே ஒரு கேள்வி வந்தது: சின்ன மாயாண்டியின் படம் கிடைத்தால் மாலை போடலாமா?

பட்டமும் முடிவாயிற்று. ‘எண்பத்தெட்டுக் கட்டை வேந்தர்.’ பியானோவின் கட்டைகளை ஒருவர் இணையத்தில் எண்ணிக்கொண்டு வந்திருந்தார். ஆய்வு என்று நடந்தது அது ஒன்றுதான்.

12 ஏப்ரல்

மலர் அச்சாகி வந்துவிட்டது. ஐந்நூறு பிரதி.

மாலையில் மயிலம்மாள் அக்கா அழைத்தார். கோயிலுக்குப் பூக்கட்டுகிறவர். தோட்டத்தில் யாருக்கு யார் என்ன முறை என்பதைப் பிறப்புப் பதிவு அலுவலகத்தைவிட நன்றாக அறிந்தவர்.

“கிராணி வீட்டுத் தம்பி, ஒன்னு கேக்கணும். பெரிய மாயாண்டி உங்க வம்சம். சின்ன மாயாண்டி அவரு வம்சம். அண்ணன் தம்பி வழிதானே?”

“ஆமாம் அக்கா.”

“அப்ப நீயும் அவரும் பங்காளி.”

“ஆமாம்.”

“அப்ப ரோகினிக்கு அவரு அண்ணன் முறை ஆவுதே சாமி.”

உட்கார்ந்துவிட்டேன்.

கப்பலை யோசித்தேன், வெற்றிலையை யோசித்தேன். முறையை யோசிக்கவில்லை. என் தங்கை நாற்பத்து நான்கு ஆண்டுகளாகத் தன் அண்ணனோடு குடித்தனம் நடத்துகிறாள், ஐந்நூறு பிரதிகளில்.

13 ஏப்ரல்

அவசரக் கூட்டம். கப்பல் கதை உண்மையா என்று ஒருவரும் கேட்கவில்லை. கதை சரி, கல்யாணம்தான் தவறு என்பதில் எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். தெரியாமல் நடந்ததால் பரிகாரம் செய்யலாம் என்றார் ஒருவர். நிகழ்ச்சியையே எடுத்துவிடலாம் என்றார் இன்னொருவர். ரோகினியின் முகம் நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. நான் தண்ணீர் குடித்தேன்.

மயிலம்மாள் அக்கா பூக்கூடையோடு வாசலில் நின்றபடியே கேட்டார்: “தம்பின்னு போட்டது தங்கச்சியா இருந்திருந்தா?”

வீரமுத்து மலரில் ஏழாம் பக்கத்தைப் புரட்டினார்.

“தங்கச்சி வழின்னா அத்த வழி. ரோகினிக்கு அவரு கட்டிக்கிற முறை.”

“அதுதான் சரி,” என்றார் வீரமுத்து, விடுதலை பெற்றவர்போல. “சாருக்கு வயசாயிடுச்சில்ல. தம்பி தங்கச்சி மாறிப்போச்சு.”

ஆகவே சின்ன மாயாண்டி ஏகமனதாகப் பெண்ணாக்கப்பட்டார். பெயர் மாயக்காள். கரும்பன் அவள் கணவன். இதன்படி லயனல் என் தங்கைக்கு உரிய முறைமாப்பிள்ளை. அவரை வேண்டாமென்று ஒதுக்கிய அப்பாவும் நானும்தான் முறை தவறியவர்கள்.

14 ஏப்ரல், புத்தாண்டு

ஐந்நூறு பிரதியிலும் துண்டுச் சீட்டு ஒட்டினேன். ‘பக்கம் ஏழில் தம்பி என்பதைத் தங்கை எனத் திருத்தி வாசிக்கவும். பெயர் மாயக்காள்.’ ஒரு பிழையைத் திருத்தினால் மிச்சமுள்ள பொய் எவ்வளவு உறுதியாகிவிடுகிறது.

16 ஏப்ரல்

ரோகினி வந்தாள். உட்காரவில்லை.

“மாயாண்டி தாத்தா ஒத்தப் பிள்ள. அப்பா எத்தன தடவ சொல்லியிருக்காரு. இது உன் வேல.”

“அவர்கள்தான் வேர் வேண்டும் என்று…”

“அவங்களுக்குத் தெரியல. நீ படிச்சவன். நீ சிரிக்கிறதுக்கு என் புருஷன எடுத்துக்கிட்ட. நாளைக்கு எவனாவது கண்டுபிடிச்சா உன்னயா சிரிப்பாங்க? தமிழன்னு சொல்லிக்கிட்டு ஒரு கறுப்பன் மேட ஏறினான்னு அவரத்தான் சிரிப்பாங்க.”

நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“மேட ஏறுறதுக்கு முன்னாடி நீயே அவருகிட்ட சொல்லிடு. சொல்லலன்னா எனக்கு அண்ணன் இல்ல. கல்யாணத்தன்னிக்கு இல்லாத மாதிரியே இருந்துட்டுப் போ.”

கதவைச் சாத்தாமல் போனாள்.

எனக்கு அவளைத் தவிர யார் இருக்கிறார்கள்? மனைவி போய் ஆறு வருஷம். பிள்ளைகள் கிடையாது. அது அவளுக்கும் தெரியும் — தெரிஞ்சுதான் சொன்னா. என்ன காரியம் பண்ணிட்டேன். மூணு மணி நேரம். சிரிச்சுக்கிட்டே எழுதினேனே.

20 ஏப்ரல்

செண்டாயான் போனேன். சொல்லத் தொடங்குவதற்குள் அவர் கேட்டார்: “மாயக்காள் பாடுவாளா மச்சான்?”

பாடுவாள் என்றேன்.

24 ஏப்ரல்

தாலாட்டா ஒப்பாரியா என்று கேட்டார். இரண்டும் என்றேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்க்கவில்லை.

27 ஏப்ரல்

“அவள் இடது கைக்காரியா?”

ஆமாம்.

“நானும்,” என்றார்.

ரோகினி சமையலறையில் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள்.

3 மே

சொல்லிவிட்டேன். பிற்பகல் மூன்று மணி. வலது கையை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில், ஒரே மூச்சில், கப்பலிலிருந்து மாயக்காள்வரை எல்லாம் பொய், நான் வேடிக்கைக்காகக் கட்டியது என்றேன்.

“தெரியும் மச்சான்,” என்றார் தமிழில்.

மலர் வந்த அன்றே ரோகினி வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவள் அழுதாள், அவர் சிரித்தாராம். “இரண்டே வாரத்தில் மாயக்காளுக்குக் குரலும் இடது கையும் முளைத்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பியானோ வாங்கியிருப்பாள்.”

நான் சிரிக்கவில்லை. பிறகு அவர் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன். பிறந்தது கரும்புத் தோட்டத்தில். வரிசை வீடு, பொதுக் குழாய். அப்பா, மற்றவர்கள் வெட்டிய கரும்பை எடை பார்த்து நோட்டில் பதிகிறவர்.

“கிராணி,” என்றேன்.

“கிராணி,” என்றார். துரை பங்களாவில் அம்மாவுக்குத் துணி தேய்க்கும் வேலை. அங்கே ஒரு பியானோ. தூசி துடைக்கும் சாக்கில் அம்மா இவரைக் கட்டைகளின் மேல் விரல் வைக்க விடுவாராம். துணி தேய்த்து முடிக்கும்வரைதான் பாடம்.

“நீ ஒரு மணி நேரம் இருந்தாய். எந்த ஆண்டு, எந்த ஆண்டு என்று கேட்டாய். எப்படிப்பட்ட இடம் என்று கேட்கவில்லை. நாற்பத்து நான்கு வருடம் நான் உங்கள் தோட்டத்துக் கதைகளைக் கேட்டிருக்கிறேன். ஒருவர்கூடத் திருப்பிக் கேட்டதில்லை.”

கோபமா என்று கேட்டேன்.

“இருக்கு,” என்றார். “உக்காரு.”

4 மே

வீரமுத்து நாற்பது நிமிடம் பேசினார். மாயக்காள் கண்ணீரோடு கரையைப் பார்த்தது உட்பட. அதை நான் எழுதவே இல்லை. சால்வை, பட்டம், மாலை. பியானோவுக்குப் பதில் பஜனைக் குழுவின் கீபோர்டு. ஒரு கட்டை நாடாவால் ஒட்டப்பட்டிருந்தது. எண்பத்தெட்டுக் கட்டை வேந்தருக்கு அறுபத்தொன்றே கட்டைகள். தொட்டதும் தானாகத் தாளம் தொடங்கியது. அதை அணைக்கச் சிறிது நேரம் பிடித்தது.

பிறகு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“கேளுங்க. நான் தமிழன் இல்ல. மாயக்கா என் பாட்டி இல்ல. நான் தோட்டத்து ஆளு. கரும்புத் தோட்டம். லயத்து வீடு. எங்கப்பா கிராணி.”

ரோகினி முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“உக்காருங்க,” என்றார், எல்லோரும் உட்கார்ந்திருந்தும்.

பதினொரு நிமிடம் வாசித்தார். வலது கை நடுங்கியது. அந்த நடுக்கத்தையே இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். நோய் எது இசை எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பாட்டை எங்கே தொலைக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். தொலைக்கவில்லை. மயிலம்மாள் அக்காவின் கையில் பூக்கட்டும் நார் அப்படியே இருந்தது.

முடிந்ததும் ஒருவர் எழுந்து, “எந்தக் கரும்பு? ஆலைக்கு எவ்ளோ தூரம்?” என்று கேட்டார். செம்பனை வெட்டுகிறவர். பதில் நீண்ட நேரம் போயிற்று.

5 மே

வீரமுத்து அழைத்தார். “பாத்தீங்களா சார், என்னா தன்னடக்கம். நம்ம ரத்தம் இல்லாம இப்படிப் பேச வருமா?” அடுத்த ஆண்டு மாயக்காளுக்கு ஒரு சிலை யோசிக்கிறார்களாம்.

என்னிடம் கேலி எதுவும் மிச்சமில்லை. அவரே எல்லாவற்றையும் செய்துவிடுகிறார்.

ரோகினி பேசவில்லை.

12 ஜூன்

வியாழக்கிழமைகளில் செண்டாயான். வலது கை இப்போது மடியிலேயே இருக்கிறது. அவர் சொல்கிறார், நான் எழுதுகிறேன். ரோகினி இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. இன்று கிளம்பும்போது, துணி மடித்தபடி, “உச்சி வெயில்ல வராத. காலையிலயே வந்துடு,” என்றாள்.

1966 வரை வந்திருக்கிறோம். லண்டனில் ஒரு நிலவறைக் கிளப். குளிர் தாங்காமல் கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிட்டு வாசித்திருக்கிறார். பன்னிரண்டு பக்கம் ஆயிற்று. நான் எதையும் சேர்க்கவில்லை.