கொன்னுடுவேன்டா

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் உடம்பு எப்படியிருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அதற்குக்கூட நிதானமில்லாமல் எழுதுகிறேன், மன்னியுங்கள். பாப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது.

அவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டுபோய் இன்றோடு பதினெட்டு நாள். சலவைக்கூடத்தில் அவரோடு இஸ்திரி போடும் சுருட்டை, பின்பக்கப் படியிலிருந்து விழுந்து இறந்துவிட்டார். அப்போது அங்கே இருந்தது இவர் ஒருவர்தான். வழுக்கி விழுந்தார் என்கிறார். எப்போதும் ஈரமாகக் கிடக்கும் படிதான், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று காலை சுருட்டைக்கு இவர் போனில் பேசிப் பதிவுசெய்து அனுப்பியது போலீஸ் கையில் இருக்கிறது. "இன்னிக்கும் லீவு போட்டு என்னைத் தனியா மாட்டிவிட்டேன்னு வை, கொன்னுடுவேன்டா."

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் அதை இந்த ஊர் மொழியில் சொன்னதும் எல்லோரும் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள். இவர்களுக்கு அந்தச் சொல் என்றால் ரத்தம் மட்டும்தான். பாப்பா சாப்பிட அடம்பிடித்தால் நானும் அதைத்தான் சொல்கிறேன், செருப்பு கடித்தால் கொல்லுது என்கிறோம், யாராவது நன்றாகப் பாடினால் கொன்னுட்டான் என்று கைதட்டுகிறோம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைப் பேச்சில் இவருக்காக வாதாடும் வக்கீலம்மாவிடம் மன்றாடினேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். இரண்டு மொழியும் தெரிந்த, இவர் பேச்சோடு பழகிய ஒருவர் வந்து சாட்சி சொன்னால் எடுபடும் என்றார்.

உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள் அண்ணா? மூன்று வருஷம் எங்களோடு இருந்தீர்கள். கேரம் ஆட உட்கார்ந்தால் தினமும் உங்களைக் கொன்றவர்தானே.

ஏன் திடீரென்று வீட்டைவிட்டுப் போனீர்கள் என்று நான் கேட்டதே இல்லை. சமையலறையில் அவர் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், அதே சொல்லைச் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

அந்தப் பதிவின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. போட்டதும் பாப்பா அப்பா அப்பா என்று சிரித்துக்கொண்டு ஓடிவந்தாள். நான் நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். எனக்குப் பிடிபடவில்லை.

இருபத்திரண்டாம் தேதி விசாரணை. எப்படியாவது வந்துவிடுங்கள். நேராக நீதிமன்றத்துக்குப் போய்விடாதீர்கள். முதலில் வீட்டுக்கு வந்து அதைக் கேளுங்கள். அது கேரம் ஆடும்போது கேட்ட குரலா, சமையலறையில் கேட்ட குரலா என்று எனக்கு மட்டும் சொல்லுங்கள். அங்கே போய் என்ன சொல்ல வேண்டும் என்பதை அதற்கப்புறம் பேசிக்கொள்வோம்.

பாப்பாவை நினைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

உங்களையே நம்பியிருக்கும்
தங்கை